கசுங்குலா பாலம் ஏன் வளைந்திருக்கிறது?

ஜாம்பசி ஆற்றின் மேல் ஜாம்பியாவையும் போட்ஸ்வானாவையும் இணைக்கும் கசுங்குலா பாலம் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: சார், நேராகக் கட்டியிருந்தால் செலவு குறைந்திருக்குமே?

பதில்: நேராகப் போட்டால் ஜிம்பாப்வே எல்லைக்குள் நுழைந்துவிடும். அந்த நாடு அப்போது திட்டத்தில் சேரவில்லை. நமீபியாவோடு சேர்த்து நான்கு நாடுகள் அந்த இடத்தில் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் இடையே இருக்கும் எல்லை சுமார் 150 மீட்டர்தான். 923 மீட்டர் பாலத்தை அந்தச் சந்து வழியாக வளைத்துக் கொண்டுபோனார்கள்.

கேள்வி: அந்த 150 மீட்டரை எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

பதில்: எங்கே! 1970இல், அப்போது நமீபியாவை ஆண்ட தென்னாப்பிரிக்கா, ஜாம்பியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் பொது எல்லையே கிடையாது, அங்கே வண்டிகளை அக்கரை சேர்க்கும் மிதவைப் படகு சட்டவிரோதம் என்றது. போட்ஸ்வானா அசைந்துகொடுக்கவில்லை. படகை நோக்கித் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1979இல் ரொடீசியப் (இன்றைய ஜிம்பாப்வே) படை படகை மூழ்கடித்தே விட்டது. வெள்ளையர் ஆண்ட அண்டை நாடுகளைத் தொடாமல் வடக்கே போக போட்ஸ்வானாவுக்கு இருந்த வழி அது. இந்தக் கதை தெரியாமல் பாலத்தின் அருமை புரியாது என்பேன்.

கேள்வி: படகே போதாதா?

பதில்: பாரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று மிதவையில் ஏறினால், மிச்ச இடத்தில் சில கார்களும் நடந்து வருபவர்களும்தான். செம்பு ஏற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் போகும் லாரிகள் கரையில் நாட்கணக்கில் காத்துக் கிடந்தன. 2003இல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரியால் மிதவை கவிழ்ந்து 18 பேர் இறந்தார்கள். எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

கேள்வி: பாலம் வந்ததும் வரிசை போய்விடுமா?

பதில்: பாலத்தால் மட்டும் போகாது. முன்பு ஒரு கரையில் வெளியேறும் முத்திரை, மறு கரையில் நுழையும் முத்திரை என்று இரண்டு தடவை நிற்க வேண்டும். இப்போது இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். ஜாம்பியாவிலிருந்து வரும் லாரி அங்கே நிற்காமல் பாலத்தைத் தாண்டி, போட்ஸ்வானா பக்கம் ஒரே இடத்தில் இரண்டு வேலையையும் முடித்துக்கொள்ளலாம். என் கணக்கில் கான்கிரீட்டைவிட இது பெரிய வேலை.

கேள்வி: பணம் யாருடையது?

பதில்: சுமார் 26 கோடி டாலர். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்காவும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் கடன் கொடுத்தன. கட்டியது தென்கொரியாவின் டேவூ நிறுவனம். 2021 மே 10 அன்று திறந்தார்கள்.

கேள்வி: ரயிலும் போகுமா?

பதில்: இரு பக்கச் சாலைக்கும் நடுவே ஒற்றைத் தண்டவாளத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் திறந்தபோது அதோடு சேரும் ரயில்பாதை இரு கரையிலும் இல்லை. அதைப் போட்டால்தான் செம்பு லாரியிலிருந்து ரயிலுக்கு மாறும்.