பால், நெய் இல்லாமல் நிறை கூட்டுவது எப்படி? கேள்விகளும் பதில்களும்

நிறை ஏறாமல் கவலைப்படும் வீகன் ஆட்கள் என்ன பலகாரம் சாப்பிடலாம், எது உடம்புக்கு நல்லது என்று கேட்டு வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். வீகன் என்பது நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சைவம் அல்ல. பால், தயிர், நெய், தேன் எதுவும் இல்லாத சாப்பாடு. நனிசைவம் என்றும் சொல்கிறார்கள்.

நான் பாடசாலையில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். ஒன்பது வருடமாக வீகன். தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கிப் போனேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் குடித்த பால்மாத் தேத்தண்ணியையும் மத்தியானத் தயிரையும் விட்டேன். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. உங்களில் பலர் எழுதியிருப்பதும் இதே கதைதான்.

கோண்டாவிலிலிருந்து: அக்கா, எனக்கு 24 வயது. உயரம் 172 செ.மீ., நிறை 51 கிலோ. ஒரு வருடமாக வீகன். கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டும் ஒரு கிலோ ஏறவில்லை.

தம்பி, உங்கள் உடற்திணிவுச் சுட்டெண் 17.2 வருகிறது. 18.5க்குக் கீழே இருந்தால் நிறை குறைவு என்று கணக்கு. உங்கள் உயரத்துக்கு 55 கிலோவாவது வேண்டும். நாலு கிலோதானே, எட்டக்கூடிய தூரம்தான்.

சோறு கோப்பை நிறைய இருந்தாலும் அதில் பாதிக்கு மேல் தண்ணீர். 100 கிராம் சோற்றில் 130 கலோரி அளவில்தான் இருக்கும். அதே 100 கிராம் கச்சானிலோ (நிலக்கடலை) எள்ளிலோ 570 கலோரி அளவில் இருக்கும். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தர, கொழுப்பு 9 கலோரி தருவதுதான் காரணம். சோற்றோடு கீரை, பூசணிக்காய், ரசம் என்று போனால் வயிறு நிறைந்துவிடும், நிறை ஏறாது. கீரையை விட்டுவிடாதீர்கள். ஆனால் இன்னும் இரண்டு அகப்பை சோறு போடுவதால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

சாப்பாட்டை இப்போது இருப்பது போலவே வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு எள்ளுப்பாகு உருண்டை இரண்டு, பின்னேரம் ஒரு பிடி வறுத்த கச்சான். அது 450 கலோரி. நாளுக்கு 300 முதல் 500 கலோரி வரை மேலதிகமாகப் போனால் கிழமைக்குக் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறலாம். அதைவிட வேகமாக ஏற்ற வேண்டாம். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரோ தேத்தண்ணியோ குடித்து வயிற்றை நிரப்பாதீர்கள். கிழமைக்கு மூன்று நாள் பாரம் தூக்கிப் பயிற்சி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஏறுவது வயிற்றில்தான் போய் இருக்கும்.

இணுவிலிலிருந்து: எள்ளுப்பாகு செய்ய எங்கள் வீட்டில் உரல் இல்லை. கிரைண்டரில் அடித்தால் களிபோல வருகிறது. சரியான பக்குவம் என்ன, ரீச்சர்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எங்கள் ஊரில் வீகன் ஆட்களுக்கென்றே செய்து வைத்தது போன்ற பலகாரம் இது. பாலும் இல்லை, நெய்யும் இல்லை, எண்ணெய்ச் சட்டியும் வேண்டாம்.

எள்ளு அரைக் கிலோ, உழுந்து கால் கிலோ, பனங்கட்டி கால் கிலோ. எள்ளைக் கழுவி, கல் அரித்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பிறகு தாச்சியில் இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். எள்ளு பொரிந்து துள்ளத் தொடங்கும். ஒன்றை எடுத்து விரலிடையில் நசுக்கினால் நொறுங்க வேண்டும், மணம் வர வேண்டும். அந்த இடத்தில் இறக்கிவிடுங்கள். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் கசப்பு ஏறிவிடும், பிறகு எவ்வளவு பனங்கட்டி போட்டாலும் போகாது. உழுந்தைத் தனியாகப் பொன்னிறமாக வறுத்து மாவாக்கி அரித்து வையுங்கள்.

களியாகப் போவதற்குக் காரணம் சூடு. சூட்டோடு எள்ளைப் போட்டு ஒரேயடியாக அடித்தால் எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிடும். எள்ளு முற்றாக ஆறட்டும். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, இரண்டு மூன்று விநாடி அடித்து நிறுத்தி, கரண்டியால் கிளறி, திரும்ப அடியுங்கள். முக்கால் பங்கு அரைபட்டதும் சீவிய பனங்கட்டியையும் உழுத்தம்மாவையும் சேர்த்து இன்னும் இரண்டு சுற்று. பிறகு தட்டில் கொட்டிக் கையால் பிசையுங்கள். விரலில் எண்ணெய் மினுங்கும், பிடித்தால் உடையாமல் நிற்கும். அதுதான் பக்குவம். ஒரு சொட்டுத் தண்ணீரும் விட வேண்டாம்.

பெரிய நெல்லிக்காய் அளவில் உருட்டினால் ஒன்று 30 கிராம் வரும், கலோரி 140 அளவில். எள்ளில் இரும்பும் கல்சியமும் இருக்கின்றன; ஆனால் எள்ளுத் தோலில் உள்ள ஒட்சலேற்று, கல்சியத்தில் ஒரு பங்கை உடம்பு எடுக்கவிடாது. அதனால் கல்சியத்துக்கு எள்ளை மட்டும் நம்பாமல் குரக்கனையும் (கேழ்வரகு) சேர்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லியடியிலிருந்து: என் மகள் சாமத்தியப்பட்டுவிட்டாள். போன வருடமே தானாக வீகனாக மாறினவள். மெலிந்த பிள்ளை. என் அம்மா முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தே ஆக வேண்டும் என்று நிற்கிறா. வீட்டில் சண்டை.

தங்கச்சி, அம்மம்மாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவ சொல்வதில் பாதி மிகச் சரி. வளரும் வயதில் இரத்தப்போக்குத் தொடங்கும் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு வேண்டும் என்பதுதான் அவவின் கவலை. முட்டையை விட்டுவிட்டு உழுத்தங்களியை அவவின் கையாலேயே செய்யச் சொல்லுங்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவு புரதம். 25 கிராம் உழுந்திலும் அவ்வளவு இருக்கிறது. இதை அவவிடம் சொல்லிப் பாருங்கள்.

வறுத்த உழுத்தம்மா ஒரு கப், வறுத்த சிவப்பரிசி மா கால் கப், தேங்காய்ப்பால் மூன்று கப், பனங்கட்டி முக்கால் கப். பனங்கட்டியைப் பாலில் கரைத்து வடித்து, மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடுப்பில் வையுங்கள். கை விடாமல் கிண்ட வேண்டும். இறுகத் தொடங்கும்போது நல்லெண்ணெயை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விடுங்கள். முதலில் களி எண்ணெயைக் குடிக்கும். நாலாவது ஐந்தாவது கரண்டியில் இனிக் குடிக்க மாட்டேன் என்று ஓரத்தில் எண்ணெய் கக்கும், சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும். அப்போது இறக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 120 கலோரி. மெலிந்த பிள்ளைக்குக் காலையில் ஒரு சின்னக் கிண்ணம் போதும்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்காதீர்கள். இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது தடுக்கும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும். தேசிக்காய்த் தண்ணியோ கொய்யாப்பழமோ கொடுத்தால் இரும்பு நன்றாகச் சேரும். பிள்ளை பி12 எடுக்கிறாளா என்று பாருங்கள். அதைப்பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன், கட்டாயம் வாசியுங்கள்.

மானிப்பாயிலிருந்து: பனங்கட்டி போட்டால் சீனி வருத்தம் வராது என்று சொல்கிறார்களே?

இல்லை. பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான். கருப்பநீரைக் காய்ச்சி இறுக்கி எடுப்பதால் அதில் சில தாதுக்கள் மிஞ்சியிருக்கும், ருசி பல மடங்கு நல்லது, எங்கள் பனைத் தொழிலாளருக்கு வருமானம். இந்தக் காரணங்களுக்காக நானும் ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியைத்தான் வாங்குகிறேன். ஆனால் நீரிழிவு உள்ளவர்கள் அதைச் சீனியாகவே கணக்கெடுக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து: ஜிம்மில் புரோட்டீன் பவுடர் எடுக்கச் சொல்கிறார்கள். விலை கட்டாது. வீட்டில் என்ன குடிக்கலாம் அக்கா?

கப்பல் வாழைப்பழம் இரண்டு, கச்சான் பட்டர் இரண்டு மேசைக்கரண்டி, முதல் தேங்காய்ப்பால் அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவாக, விதை எடுத்த பேரீச்சம்பழம் மூன்று. கொஞ்சம் தண்ணீர் விட்டு அடித்தால் ஒரு பெரிய கிளாஸ் வரும். 600 கலோரிக்குக் குறையாது. மென்று சாப்பிட அலுப்பாக இருக்கும் ஆட்களுக்குக் குடிப்பது சுலபம்.

கச்சான் பட்டரைக் கடையில் வாங்காதீர்கள். வறுத்துத் தோல் புடைத்த கச்சானை ஆறவிட்டு அடித்தால் முதலில் மா, பிறகு உருண்டை, பிறகு எண்ணெய் விட்டு இளகிவரும். எள்ளுப்பாகுக்குப் பிழை என்று சொன்னது இதற்குச் சரி. பூஞ்சணம் பிடித்த, கசக்கிற கச்சானை ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம். அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முற்றாகப் போகாது.

புரதத்துக்கு இந்தக் கிளாஸ் மட்டும் காணாது. மத்தியானம் பருப்போ சோயாமீற்றோ, பின்னேரம் அவித்த கடலையும் தேங்காய்ச் சொட்டும் இருக்கட்டும்.

பருத்தித்துறையிலிருந்து: தேங்காயால் கொலஸ்ரோல் கூடும் என்று வைத்தியர் அப்பாவுக்குச் சொன்னார். நானும் நிறை கூட்டத் தேங்காய்ப்பால்தான் குடிக்கிறேன். பயமாக இருக்கிறது.

தேங்காயெண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. அது கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டும். அப்பாவுக்குச் சொன்னது சரி. உங்களுக்குத் தேங்காயை விலக்கச் சொல்ல மாட்டேன், ஆனால் மேலதிகக் கலோரி முழுவதையும் அதிலிருந்து எடுக்க வேண்டாம். எள்ளு, கச்சான், கஜு (முந்திரிப்பருப்பு), நல்லெண்ணெய் இவற்றின் கொழுப்பில் பெரும்பங்கு வேறு வகை. நாளில் ஒரு தரம் தேங்காய், மற்ற வேளைக்கு இவை. வம்சத்தில் கொலஸ்ரோல் இருந்தால் இரத்தம் சோதித்துப் பாருங்கள். மெலிந்த ஆட்களுக்கும் அது கூடும்.

ரொறன்ரோவிலிருந்து: ஊரிலிருந்து பலகாரம் வருகிறது. எதில் பால், நெய் இருக்கும்?

பயற்றம் பணியாரம், அரியதரம், பனங்காய்ப் பணியாரம், பனாட்டு ஆகியவற்றில் வழமையாக இராது. முறுக்கில் சிலர் மாஜரின் போடுவார்கள், அதில் பால் சேர்ந்திருக்கலாம். லட்டும் கேசரியும் நெய். தொதலை எங்கள் பக்கம் தேங்காய்ப்பாலில்தான் கிண்டுவார்கள், ஆனாலும் செய்தவரைக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயில் பொரித்த பலகாரமாகவே சாப்பிட்டு நிறை கூட்டினால் அது நல்ல நிறையாக இருக்காது. பயற்றம் பணியாரத்துக்குப் பிடிக்கும் உருண்டையைப் பொரிக்காமல் அப்படியே சாப்பிட்டுப் பாருங்கள். வறுத்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, பனங்கட்டிப் பாகு, மிளகு, சீரகம், ஏலக்காய். எனக்குப் பொரித்ததைவிட இதுதான் பிடிக்கும்.

காரைநகரிலிருந்து: ஒடியற்கூழை (காய்ந்த பனங்கிழங்கு மாக் கூழ்) மீன் இல்லாமல் காய்ச்சிக் குடித்தால் நிறை ஏறுமா?

பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு போட்டுக் காய்ச்சலாம், அருமையாக இருக்கும். ஆனால் வயிறு நிறையும் அளவுக்கு நிறை ஏறாது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துச் சாப்பிடுங்கள், அதில் ஏறும்.

உரும்பிராயிலிருந்து: பழஞ்சோற்றுத் தண்ணி குடித்தால் விற்றமின் பி12 கிடைக்கும் என்கிறார்கள். குளிசை தேவையா?

தேவை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழஞ்சோறு, கள்ளு, கீரை, எள்ளு எதிலும் நம்பி இருக்கும் அளவில் பி12 இல்லை. அதை உண்டாக்குவது பற்றீரியாக்கள். மற்றவர்களுக்கு மாமிசம், முட்டை, பால் வழியாகக் கிடைக்கிறது. எங்களுக்கு அந்த வழி இல்லை. ஈரலில் சேர்ந்திருப்பது சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிக்கும், அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்போம். பிறகு கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, களைப்பு, மறதி என்று வரும். பிந்தினால் நரம்புச் சேதம் திரும்பாமலும் போகலாம். வளர்ந்தவர்கள் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அல்லது கிழமைக்கு ஒரு தரம் 2000 மைக்ரோகிராம் எடுத்தால் போதும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். உப்பு அயடீன் சேர்த்ததாக இருக்கட்டும்.

வட்டுக்கோட்டையிலிருந்து: மகனுக்கு நாலு வயது. பால் ஒத்துக்கொள்ளாது. கச்சான் கொடுக்கலாமா?

ஐந்து வயதுக்கு முன் முழுக் கச்சான், முழுக் கஜு வேண்டாம், தொண்டையில் சிக்கும். பட்டராக அரைத்துப் பாணில் மெல்லியதாகப் பூசியோ குரக்கன் கஞ்சியில் கரைத்தோ கொடுங்கள். முதல் தரம் கொஞ்சமாகக் கொடுத்து, தடிப்போ வாய் வீக்கமோ வருகிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம், கிளினிக் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள்.

சங்கானையிலிருந்து: வயது 46. மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்துவிட்டேன். தண்ணீர் விடாய்க்கிறது. என்ன பலகாரம் நல்லது?

அண்ணை, பலகாரம் வேண்டாம். நாளைக்கே வைத்தியரிடம் போங்கள். காரணமில்லாமல் இவ்வளவு நிறை குறைந்து விடாயும் இருந்தால் முதலில் இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டும். தைரொயிட், காசநோய் உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். சோதனை முடிவு வரும்வரை பனங்கட்டி, பேரீச்சம்பழம், நான் மேலே சொன்ன கிளாஸ் எதையும் தொடாதீர்கள்.

நல்லூரிலிருந்து: திருவிழா 25 நாளும் ஒருநேரச் சாப்பாடுதான். போன முறை மூன்று கிலோ இறங்கினேன். விரதத்தை விடவும் மனமில்லை, ரீச்சர்.

விட வேண்டாம். அந்த ஒரு நேரத்தைக் கனமாக்குங்கள். சோற்றுக்குப் பருப்பை முதற் தேங்காய்ப்பாலில் காய்ச்சி இறக்குங்கள், கஜுக் கறி ஒன்று, கடைசியில் எள்ளுப்பாகு இரண்டு. உங்கள் விரதம் பானம் குடிக்க இடங்கொடுத்தால் இரவில் நான் சொன்ன கப்பல் பழக் கிளாஸ். இடங்கொடுக்காவிட்டால் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னமே எள்ளுப்பாகைத் தொடங்கி, இறங்கப்போகும் மூன்று கிலோவை முதலே ஏற்றி வையுங்கள். கோவிலால் வரும்போது வாங்கும் கச்சான் சரையை அடுத்த நாள் சாப்பாட்டுக்கு எடுத்து வைக்கலாம்.

சாவகச்சேரியிலிருந்து: எள்ளுப்பாகு எத்தனை நாள் இருக்கும்?

ஈரமில்லாத ரின்னில் போட்டு, ஈரக்கை படாமல் எடுத்தால் இரண்டு கிழமை தாராளமாக இருக்கும். சிக்கு மணம் வந்தால் எறிந்துவிடுங்கள்.