காலை எடுத்தும் ரேஸ் இறங்கவில்லையா? முதலில் பம்ப் லிவரைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2002 மாடல் ஆறு சக்கர லாரி இருக்கிறது. பழைய இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அளந்து அனுப்பும் பம்ப்) வைத்த டீசல் இன்ஜின். கொஞ்ச நாளாக ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ரேஸ் முழுசாக இறங்குவதில்லை. மெக்கானிக் ஸ்லோ ஸ்பீட் ஸ்க்ரூவை (காலை எடுத்த நிலையில் இன்ஜின் ஓடும் வேகத்தை வைக்கும் ஸ்க்ரூ) திருகிக் குறைத்தார். இப்போது காலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் நின்றுவிடுகிறது, வண்டி சூடான பிறகு மறுபடி ரேஸ் ஏறுகிறது. பம்பைக் கழற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், அவ்வளவு தூரம் இன்னும் போகவில்லை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பம்புக்கு வெளியே இருக்கும் கோளாறாகத்தான் தெரிகிறது. ஸ்க்ரூவைத் திருகியதால் இப்போது ஒன்றுக்கு இரண்டு கோளாறு ஆகிவிட்டது.

ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இணையத்தில் தேடினால் வேக்யூம் லீக், த்ராட்டில் பாடி சுத்தம், ஐடில் வால்வு என்றெல்லாம் வரும். அவை பெட்ரோல் வண்டிக்கான வைத்தியம். உங்கள் இன்ஜினில் காற்று தடையில்லாமல் போகிறது. டீசல் எவ்வளவு போகிறது என்பதுதான் ரேஸை முடிவு செய்கிறது. அந்த அளவைப் பிடித்து வைத்திருப்பது பம்பின் கவர்னர். அதற்கு உத்தரவு போவது பம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஆக்ஸிலேட்டர் லிவர் வழியாக.

அதனால் இன்ஜின் நன்றாகச் சூடாகி, ரேஸ் ஏறி நிற்கும்போது அந்த லிவரைப் பாருங்கள். அது ஸ்லோ ஸ்பீட் ஸ்க்ரூவின் முனையில் போய் உட்கார்ந்திருக்கிறதா, நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கிறதா? இடைவெளி இருந்தால் கையால் லிவரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ரேஸ் உடனே இறங்கினால் பம்ப் மேல் தப்பில்லை. உறுதி செய்ய வேண்டுமானால் இன்ஜினை நிறுத்திவிட்டு ராடையோ கேபிளையோ லிவரிலிருந்து கழற்றிவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள்.

லிவர் திரும்பாததற்குப் பெரும்பாலும் சின்ன காரணம்தான் இருக்கும். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கேபிள் உறைக்குள் தூசியும் கிரீஸும் சேர்ந்து இறுகியிருக்கும். பால் ஜாயின்ட் காய்ந்திருக்கும். பெடலுக்கு அடியில் மேட் மடிந்து கிடக்கும். டாஷ்போர்டில் கையால் இழுக்கும் ரேஸ் குமிழ் இருந்தால் அது முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பலரும் கவனிக்காத இன்னொன்று இன்ஜின் மவுண்டிங் ரப்பர். அது நைந்தால் இன்ஜின் ஒரு பக்கம் சாயும், பெடலிலிருந்து வரும் ராட் தானாகவே லிவரை இழுத்துப் பிடிக்கும். குளிரில் ரேஸ் ஏறாமல், சூடான பிறகு மட்டும் ஏறும் உங்கள் வண்டியில் நான் முதலில் கேபிளையும் மவுண்டிங்கையும்தான் சந்தேகிப்பேன்.

அதைச் சரிசெய்த பிறகு ஸ்க்ரூவுக்கு வாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் ஸ்லோ வைக்க வேண்டும். இந்த ரக லாரி இன்ஜின்கள் பெரும்பாலும் 550 முதல் 650 ஆர்பிஎம்முக்குள் நிற்கும். உங்கள் இன்ஜினுக்கான சரியான எண் மேனுவலில் இருக்கும். காதால் கேட்டு வைப்பதைவிட, கிராங்க் புல்லியில் ஒரு பளபள ஸ்டிக்கர் ஒட்டி டேக்கோமீட்டரில் பார்ப்பது நல்லது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒரு நாசில் சரியாக அடிக்காமல் இன்ஜின் உதறினால், உதறலை மறைக்க ஸ்லோவை ஏற்றி வைக்கும் வழக்கம் உண்டு. அது எனக்குப் பிடிக்காத வேலை. டீசல்தான் வீணாகும், நாசில் அப்படியேதான் இருக்கும்.

சரி, லிவர் ஸ்க்ரூவில் உட்கார்ந்தும் ரேஸ் இறங்கவில்லை என்றால்? ஏறி ஏறி இறங்கினால் முதலில் டீசல் லைனில் காற்று இருக்கிறதா பாருங்கள்: ஃபில்டர் மாற்றி, ஹேண்ட் பம்பால் அடித்து ஏர் எடுங்கள். கவர்னருக்குத் தனி ஆயில் ஊற்றும் பம்ப் என்றால் அதன் அளவையும் பாருங்கள். ஏறிய இடத்திலேயே நின்றால் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பியான ரேக் சிக்கியிருக்கலாம். தண்ணீர் கலந்த டீசலாலும், வண்டி மாதக்கணக்கில் நின்றதாலும் இது வரும். இது மட்டும்தான் பம்ப் கடைக்கான வேலை, காலிபரேஷன் பெஞ்சில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈய சீல் வைத்த ஸ்க்ரூவை ரோட்டோரத்தில் யாரும் தொட விடாதீர்கள். (இந்த மாதிரி பம்புகளைச் செய்த மைக்கோ என்ற கம்பெனியின் பெயர் 2008-இல் பாஷ் என்று மாறியது. ஆனாலும் பழைய ஆட்களிடம் மைக்கோ பம்ப் என்று சொன்னால்தான் உடனே புரியும்.)

உங்களுடையதைவிட மிகப் பழைய சில வண்டிகளில் கவர்னர் காற்றிழுப்பில் வேலை செய்யும். இன்டேக்கிலிருந்து பம்பின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகும், உள்ளே ஒரு டயாஃப்ரம் இருக்கும். குழாயில் விரிசல் விட்டாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ ஸ்பிரிங் ரேக்கை முழு டீசலுக்குத் தள்ளிவிடும். அங்கே மட்டும் வேக்யூம் லீக் என்ற பேச்சு சரி.

கடைசியாக, ஆபத்தான ஒன்று. ஸ்டாப் கேபிளை இழுத்தும் இன்ஜின் நிற்காமல், புகை கக்கிக்கொண்டு ரேஸ் ஏறிக்கொண்டே போனால் அது டீசலில் ஓடவில்லை, ஆயிலைக் குடித்து ஓடுகிறது என்று சந்தேகியுங்கள். டர்போ சீல் போயிருக்கலாம். டீசல் கலந்து, இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் ஆயில் மட்டம் ஏறியிருக்கலாம். காற்றை ஆயிலில் படவிட்டுத் தூசி பிடிக்கும் ஆயில் பாத் ஏர் கிளீனரில் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கலாம். கிளீனர் பையன் நல்லெண்ணத்தில் அரை லிட்டர் கூடுதலாக ஊற்றி, இன்ஜின் அலறியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது ஏர் இன்டேக் வாயைத் தடிமனான பலகையால் மூட வேண்டும். கையையோ துணியையோ வைக்காதீர்கள், உள்ளே இழுத்துவிடும். கிட்டே போக முடியாவிட்டால் வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை என்று பார்த்து, டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுசாக மிதித்தபடி கிளட்சை விடுங்கள். நின்ற பிறகு, காரணம் தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். நீங்கள் கேபிளைப் பார்த்து முடித்த கையோடு டிப்ஸ்டிக்கையும் ஒரு முறை எடுத்து, ஆயிலில் டீசல் வாடை வருகிறதா என்று முகர்ந்து பாருங்கள்.