யூனிக்ஸ் வகை சர்வரில் ஓடிபிசி மிடில்வேர் நிறுவும் முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ஓடிபிசி என்பது அப்ளிகேஷனை டேட்டாபேஸோடு இணைக்கும் இடைநிலை மென்பொருள். ஒருமுறை அதை நிறுவிப் பார்த்து, "கான்ட் ஓப்பன் லிப், ஃபைல் நாட் ஃபவுண்ட்" என்று வந்த பிறகுதான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பிழைச் செய்தி அரைப் பொய். எல்எஸ் அடித்துப் பாருங்கள், டிரைவர் ஃபைல் (குறிப்பிட்ட டேட்டாபேஸோடு பேசும் பகுதி) அங்கேயேதான் இருக்கும். பெரும்பாலும் காணாமல் போயிருப்பது அந்த டிரைவர் நம்பியிருக்கும் வேறொரு லைப்ரரி.

ஆகவே முதல் வேலை, டிரைவரின் டாட் எஸ்ஓ ஃபைல் மீது எல்டிடி (அது நம்பியிருக்கும் லைப்ரரிகளைப் பட்டியலிடும் கட்டளை) ஓட்டுவது. எந்த வரியில் "நாட் ஃபவுண்ட்" வருகிறதோ அதை முதலில் நிறுவுங்கள். உபுண்டு 24.04-இல் ஆரக்கிள் டேட்டாபேஸுக்கான இன்ஸ்டன்ட் கிளையன்ட் போடுகிறவர்கள் லிப்ஏஐஓ என்ற லைப்ரரியில் மாட்டுவார்கள். 64 பிட் நேரக் கணக்குக்கு மாறியபோது பேக்கேஜின் பெயர் லிப்ஏஐஓ1டி64 ஆனது, உள்ளே இருக்கும் ஃபைலும் 1டி64 என்றே முடிகிறது. கிளையன்ட் தேடுவதோ வெறும் 1 என்று முடியும் பெயரை. பழைய பெயரில் ஒரு சிம்பாலிக் லிங்க் போட்டால் வேலை நடக்கும். அழகான தீர்வு இல்லைதான், சண்டைக்கு வராதீர்கள்.

எல்டிடி சுத்தமாக இருந்தும் அதே பிழை என்றால், ஃபைல் கட்டளையால் டிரைவர் 64 பிட்டா என்று பாருங்கள். டிரைவர்களை ஏற்றித் தரும் டிரைவர் மேனேஜர் 64 பிட் என்றால் 32 பிட் டிரைவரை ஏற்காது.

லைப்ரரி பாதையை எல்டி லைப்ரரி பாத் மாறியில் வைத்து பேஷ் புரொஃபைலில் எழுதச் சொல்வார்கள். உங்கள் ஷெல்லில் ஓடும், சிஸ்டம்டி (பின்னணி சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) தொடங்கும் சர்வீஸில் ஓடாது. சர்வீஸ் உங்கள் புரொஃபைலைப் படிப்பதே இல்லை. எல்டி டாட் எஸ்ஓ டாட் கான்ஃப் டாட் டி அடைவில் ஒரு வரி ஃபைல் போட்டு எல்டிகான்ஃபிக் ஓட்டுவதே மேல். ஓப்பன் ஃபைல் வரம்பும் இப்படித்தான்: லிமிட்ஸ் டாட் கான்ஃபில் எத்தனை ஆயிரம் எழுதினாலும் சிஸ்டம்டி கண்டுகொள்ளாது, யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல் எழுத வேண்டும். பழைய ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) பெட்டி என்றால் லைப்ரரி பாதை மாறியின் பெயரே லிப்பாத்.

அடுத்து, ஓடிபிசிஇன்ஸ்ட் கட்டளையை ஹைஃபன் ஜே கொடுத்து ஓட்டுங்கள். எந்த ஐஎன்ஐ ஃபைல்களைப் படிக்கிறது என்று அதுவே சொல்லும். இதை ரூட்டாக ஓட்டிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அப்ளிகேஷன் எந்தக் கணக்கில் ஓடுமோ, சுடோவுக்கு ஹைஃபன் யூ, ஹைஃபன் ஹெச் இரண்டும் கொடுத்து அந்தக் கணக்காகவே ஓட்டுங்கள். ரூட்டின் ஹோமில் எழுதிய டிஎஸ்என் (இணைப்பு விவரங்களுக்கு வைக்கும் பெயர்) மற்றவர் கண்ணில் படாது. பொதுவானதை ஈடிசிக்குள் இருக்கும் ஓடிபிசி டாட் ஐஎன்ஐயில் எழுதுங்கள், ஆனால் கடவுச்சொல்லை அதில் வைக்காதீர்கள், எல்லோரும் படிக்கக்கூடிய ஃபைல் அது. இன்னொரு குழப்பம்: ஓடிபிசிஐஎன்ஐ மாறிக்கு ஃபைலின் முழுப் பாதை வேண்டும், ஓடிபிசிஸிஸ்ஐஎன்ஐக்கு அடைவு வேண்டும். மாற்றிக் கொடுத்தால் "டேட்டா சோர்ஸ் நேம் நாட் ஃபவுண்ட்" என்று வரும்.

போர்ட் திறந்திருக்கிறதா என்பதை டிரைவரைத் தொடும் முன்பே நெட்கேட் கட்டளையால் பார்த்துவிடுங்கள். ஆரக்கிளுக்கு 1521, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433, போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306. இவை இயல்பு எண்கள் மட்டுமே, உங்கள் டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) மாற்றியிருக்கலாம். கெர்பரோஸ் (டிக்கெட் மூலம் அடையாளம் காட்டும் முறை) லாகின் என்றால் கடிகாரமும் முக்கியம்: வழக்கமான அமைப்பில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவு திறக்காது.

லினக்ஸின் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸை அணைக்கச் சொல்லும் பதில்கள் நிறைய வரும், எனக்கு எரிச்சலே அதில்தான். வெப் சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்குப் போக அதற்கென்றே ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) இருக்கிறது, ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட் டிபி. அதை ஆன் செய்ய ஒரே ஒரு வரி போதும். 777 பர்மிஷன் (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுக்கச் சொல்கிறவர்களும் இதே ரகம்.

எல்லாம் முடிந்ததும் இணைப்பைச் சோதிக்கும் கட்டளையான ஐஎஸ்க்யூஎல்லை ஹைஃபன் வி-யோடு ஓட்டுங்கள், அதுவும் அந்த சர்வீஸ் கணக்கிலேயே. வி இல்லாவிட்டால் இணைக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். வருகிற பிழையை எழுத்தாகவே இங்கே ஒட்டுங்கள், மானிட்டரை போனில் படம் பிடித்துப் போடாதீர்கள், லைப்ரரி பாதை பாதியில் வெட்டுப்பட்டுவிடுகிறது.