பழைய மோட்டார்ஹோம் வாங்கும்போது டீசல் இன்ஜினை எப்படி எடைபோடுவது?

20 வருடப் பழைய வண்டி, ஆனால் ஓடியது மிகக் குறைவு, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்த கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். டீசல் இன்ஜினை ஓட்டத்தைவிட சும்மா நிற்பதுதான் அதிகம் கெடுக்கும். ரப்பர் சீல்கள் காய்ந்துபோகும், டேங்கில் தண்ணீர் சேர்ந்து டீசலில் நுண்ணுயிர்கள் வளரும், ஃபில்டர் அடைக்கும். ஒழுங்காக ஆயில் மாற்றி 2 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியே எனக்கு மேல். டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பட்டை) உள்ள இன்ஜினா? அதை மாற்றுவதற்குக் கிலோமீட்டர் மட்டுமல்ல, வருடக் கணக்கும் உண்டு; ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கப் போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார் (ஏனாம்?). குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் விதம்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை ஆரம்பத்தில் கொஞ்சம் வரலாம். சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவையோ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போதே மேலே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் (சிலிண்டருக்குள் வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்புறம், ஒரு நீண்ட ஏற்றத்தில் ஓட்டி டெம்பரேச்சர் முள்ளைக் கவனியுங்கள். வீட்டையே சுமக்கும் வண்டி, சமதளத்தில் அதன் குறை தெரியாது.