ஓடாத போர்டின் லொக்கையும் அனுப்புங்கள்

பழைய லெப்டொப்பின் போர்டில் (மதர்போர்டில்) பயோஸுக்குப் பதிலாக ஓடும் திறந்த மூலநிரல் ஃபேர்ம்வேரான கோர்பூட்டை ஏற்றி, அது எழும்பும்போது எழுதும் லொக்கை (நடப்பதை வரி வரியாகச் சொல்லும் பதிவை) சேர்த்துப் பகிர்வது பற்றி மலையக நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அட்டன்: அண்ணே, கறுப்புத் திரையில் எழுத்து ஓடுமே, அதுதானா லொக்?

அது லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் பேசுவது, தம்பி. நமக்கு வேண்டியது அதற்கும் முன்னால், பூட்பிளாக், ரோம்ஸ்டேஜ், ரேம்ஸ்டேஜ் என்று கட்டம் கட்டமாக ஃபேர்ம்வேர் எழுதிக்கொண்டு போவது. லினக்ஸுக்குள் போனதும் சிபிமெம் கருவியை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) ஓட்டினால் கிடைக்கும்.

தலவாக்கலை: என் போர்ட் எழும்பவே இல்லையே அண்ணா, எங்கே போய் அதை ஓட்டுவது?

ஓட்ட முடியாது தங்கச்சி. சிபிமெம் படிப்பது ரேமில் கிடக்கும் லொக்கை. உங்களுக்கு சீரியல்தான் வழி, அதாவது லொக்கைக் கம்பி வழியே இன்னொரு கணினிக்கு எடுப்பது. போர்டில் 3.3 வோல்ட் யூஆர்ட் (சீரியல்) பின் இருந்தால் அதே வோல்ட்டில் ஓடும் யூஎஸ்பி அடாப்டர் போதும். போர்டின் டிஎக்ஸ் (அனுப்பும் பின்) அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு (வாங்கும் பின்), ஆர்எக்ஸ் டிஎக்ஸுக்கு, கிரவுண்டுக்குக் கிரவுண்ட். கரண்ட் தரும் விசிசி கம்பியைத் தொடவே வேண்டாம், போர்டுக்குத் தன் கரண்ட் இருக்கிறது. பழைய 9 பின் சீரியல் போர்ட்டில் இதைச் செருகினால் அடாப்டர் கருகிவிடும், அங்கே வோல்ட் வேறு. வேகம் வழக்கமாக 115200. தமிழுமில்லாமல் சிங்களமுமில்லாமல் ஏதோ எழுத்து வந்தால் வேகத்தையும் கிரவுண்ட் கம்பியையும் பாருங்கள்.

இன்னொன்று. ஒரு மழை நாளில் என் லொக் ரேம் தொடங்கும் இடத்தில் பாதி வரியோடு நின்றது. ரேமைக் கழற்றி மாட்டி, துடைத்து, இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அந்த நொடியில் லைனில் கரண்ட் போயிருக்கிறது! லொக் வாங்கிய மற்ற லெப்டொப் பெட்டரியில் ஓடியதால் எனக்குத் தெரியவில்லை. அதனால் மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒரே வரியில் நின்றால்தான் அது போர்டின் குறை.

பண்டாரவளை: ஓடாத போர்டின் லொக் யாருக்குப் பயன்?

அதே மாடல் வைத்திருப்பவருக்கு, சேர். ஓடிய லொக்கைப் பக்கத்தில் வைத்தால் எந்த வரியில் பிரிகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் எந்தக் கமிட்டில் (மூலநிரலின் எந்த நிலையில்) கட்டியது, கொன்ஃபிக் (கட்டும்போது தெரிந்தெடுத்த அமைப்புகள்) என்ன என்பதும் வேண்டும். அவை இல்லாத லொக், தேதி போடாத மருந்துச் சீட்டு மாதிரி. ஓடுகிற போர்டென்றால் கோர்பூட் மூலநிரலில் உள்ள போர்ட் ஸ்டேட்டஸ் ஸ்கிரிப்டே எல்லாவற்றையும் அள்ளித்தரும்.

லிந்துலை: பழைய குறிப்புகளில் லினக்ஸ்பயோஸ் என்று இருக்கிறதே?

இதேதான். 1999இல் அந்தப் பெயரில் தொடங்கியது, 2008இல் கோர்பூட் ஆனது.

பதுளை: முதல் லொக் நீளம், இரண்டாவது குட்டை. எதை அனுப்ப?

இரண்டையும். முதல் தடவை ரேமுக்குப் பயிற்சி கொடுத்து (அது சரியாக ஓடும் அளவுகளைத் தேடி) முடிவை ஃபேர்ம்வேர் இருக்கும் ஃப்ளாஷ் சிப்பில் எழுதிவைக்கும், அடுத்த தடவை அதையே எடுத்துக்கொள்ளும். பல இன்டெல் போர்டுகளில் இது வழக்கம்.

நுவரெலியா: பகிர்வதற்கு முன் எதை மறைக்க வேண்டும்?

மேக் முகவரி (நெட்வேர்க் கார்டின் அடையாள எண்), சீரியல் நம்பர், யூயூஐடி (கணினியின் தனி அடையாள எண்). கேர்னல் லொக்கும் சேர்ந்தால் கணினிக்கு வைத்த பெயரும். வரியை வெட்டாதீர்கள், எழுத்துக்கு எழுத்து புள்ளி வையுங்கள்.

மஸ்கெலியா: போனில் படம் பிடித்து அனுப்பினால் போதுமா?

வேண்டாம் தம்பி, படத்தில் தேட முடியாது. எழுத்துக் கோப்பாகவே அனுப்புங்கள்.