பெஞ்சமின் பேச்சை என்ன செய்வது?

கேள்வி: நான் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டு மாணவி. கல்லூரி விழாவில் 'விழுந்து எழுந்தவர்கள்' என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேச வேண்டும். சரக்கு விற்பனைச் சட்டம் படித்தபோது அடிக்கடி காதில் விழுந்த ஜூடா பெஞ்சமினைத் தேர்ந்தெடுத்தேன். 54 வயதில் எல்லாவற்றையும் இழந்து இங்கிலாந்துக்குப் போய் மறுபடி வக்கீலானவர் என்பதுதான் காரணம். எழுதி முடித்த பிறகுதான் அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்று தெரிந்தது. அறைத்தோழி 'வேறு ஆளைப் பார்' என்கிறாள். பயிற்சி தரும் பேராசிரியர் 'அந்தப் பகுதியைத் தொடாமல் பேசு' என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் தோழி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேராசிரியர் சொல்வதில் இல்லை. ஆனாலும் ஆளை மாற்ற வேண்டாம், பேச்சை மாற்றுங்கள்.

சரக்கு விற்பனைச் சட்டம் பற்றி பெஞ்சமின் எழுதிய 'பெஞ்சமின் ஆன் சேல்' புத்தகத்தைத் தூக்கிச் சுமந்த தலைமுறை நான். 1868இல் வந்த அந்தப் புத்தகத்தை இன்றும் புதுப்பித்து அச்சிடுகிறார்கள், நம் நீதிமன்றங்களிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை எழுதியவர் யார் என்று மாணவியாக இருந்தபோது நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நீங்கள் யோசித்துவிட்டீர்கள்.

பெஞ்சமின் 1811இல் கரீபியன் கடலில் செயின்ட் குரோய் தீவின் கிறிஸ்டியன்ஸ்டெட் ஊரில் பிறந்தவர். கரும்பும் அடிமைகளுமாக இருந்த தீவு. டென்மார்க்குக்குச் சொந்தமானது, அப்போது பிரிட்டிஷார் பிடித்து வைத்திருந்தார்கள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் உதவும். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. யேல் கல்லூரியில் பட்டம் வாங்காமல் வெளியேறி, நியூ ஆர்லியன்ஸில் 1832இல் வக்கீலானார்.

உங்கள் பேச்சின் உயிர் அடுத்த பத்தாண்டில் இருக்கிறது. 1841இல் 'கிரியோல்' என்ற கப்பல் வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்கு அடிமைகளை ஏற்றிப் போனது. நடுக்கடலில் அவர்கள் கலகம் செய்து கப்பலைப் பிடித்தார்கள். பஹாமாஸ் தீவுகளின் நசாவு துறைமுகத்துக்கு அதைத் திருப்பினார்கள். அது பிரிட்டிஷ் மண், அங்கே அடிமை முறை ஒழிந்திருந்தது. விடுதலை கிடைத்தது. 'சரக்கு' போன எஜமானர்கள் காப்பீட்டுப் பணம் கேட்க, நிறுவனங்கள் மறுத்தன. நிறுவனங்களுக்காக வாதாடியவர்களில் பெஞ்சமினும் ஒருவர்.

அடிமை என்பவன் யார் என்று அந்த வாதத்தில் கேட்டார். அவனும் மனிதன்தான், வெள்ளைக்காரனின் நெஞ்சைப் போலவே அவன் நெஞ்சும் அன்பு கொள்ளும், துயரப்படும், பழிவாங்கத் துடிக்கும், எந்நேரமும் விடுதலைக்கு ஏங்கும் என்று அவரே பதிலும் சொன்னார். இப்படிப்பட்டவர்களை நெருக்கி அடைத்துக் கொண்டுபோனால் கலகம் வரத்தான் செய்யும், நஷ்டம் எஜமானர்கள் தலையில்தான் என்பது வாதம். தீர்ப்பும் பெரும்பாலும் நிறுவனங்கள் பக்கமே வந்தது.

அதே 1840களில் அவர் பெல்ஷாஸ் என்ற கரும்புத் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். அங்கே வேலை செய்த அடிமைகள் சுமார் 140 பேர்.

'அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்' என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். அப்போது இந்த வாதத்தைப் படித்துக் காட்டுங்கள். தெரியாமல் செய்தவர் இல்லை. நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கும் அளவுக்குத் தெரிந்தவர். யூதர் என்பதற்காக வாழ்நாள் முழுக்க இழிசொல் கேட்டவரும்கூட. மனம் வருந்தினாரா என்று கேட்டால், தன் காகிதங்களை எரித்துவிட்டுப் போன மனிதர் அவர். நாமாக ஒரு கண்ணீர்க் காட்சியைச் சேர்க்க வேண்டாம்.

அரசியலை இரண்டு வரியில் முடித்துவிடலாம். 1853 முதல் லூசியானாவின் செனட்டர். 1861இல் தென் மாநிலங்கள் அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனி அரசு அமைத்தபோது அவர்களோடு போய் சட்டம், போர், வெளியுறவு என்று மூன்று பதவிகளை அடுத்தடுத்து வகித்தார்.

1865இல் தென் மாநிலங்கள் உள்நாட்டுப் போரில் தோற்றதும் பிரெஞ்சுக்காரர் வேடத்தில் புளோரிடா வழியாகத் தப்பினார். சிறு படகில் கடல் தாண்டி, ஒரு படகு மூழ்கி, எங்கே போய்ச் சேர்ந்தார் தெரியுமா? அதே நசாவு. கிரியோல் அடிமைகள் விடுதலை பெற்ற அதே துறைமுகம்! உங்கள் பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். இருபத்து நான்கு வருட இடைவெளியில் ஒரே ஊரில் இரண்டு விதமாகத் தப்பி வந்தவர்கள்.

அங்கிருந்து ஹவானா, பிறகு இங்கிலாந்து. பிரிட்டிஷார் கையில் தீவு இருந்தபோது பிறந்ததால் பிரிட்டிஷ் பிரஜை என்று உரிமை கோர முடிந்தது. வழக்கமான மூன்று வருடப் பயிற்சியையும் தளர்த்தி, 1866 ஜூனிலேயே வக்கீலாக ஏற்றுக்கொண்டார்கள். 1872இல் அரசியின் வழக்கறிஞர் பட்டம். 1884இல் பாரீசில் இறந்தார்.

அந்த எழுச்சி நிஜம்தான், அதைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் விழுந்தது எதிலிருந்து என்பதையும் மேடையில் சொல்லிவிடுங்கள். அடிமை முறையைக் காக்க எழுந்த ஓர் அரசின் நாற்காலியிலிருந்து. அப்புறம், கிரியோல் கலகத்துக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரின் பெயர் மேடிசன் வாஷிங்டன். உங்கள் தலைப்புக்கு அவரும் பொருந்துவார். பத்து நிமிடத்தில் மூன்றை அவருக்குக் கொடுங்கள்.

பேராசிரியரிடம் புதுப் பேச்சை முன்கூட்டியே காட்டிவிடுங்கள், மேடையில் அவரைத் திடுக்கிட வைக்க வேண்டாம். 1858இல், பின்னாளில் தென் மாநிலங்களின் அதிபரான ஜெஃபர்சன் டேவிஸைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்து, அவரை செனட்டிலேயே மன்னிப்புக் கேட்க வைத்த கதை சுவையானது. ஆனால் நேரம் இடிக்கும். கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.