பெயரைப் பார்த்து மறிக்கிறார்கள் என்றால்

தம்பி, நிலாவெளி வீதியில் முன்னால் போன மூன்று மோட்டார் சைக்கிள்களை விட்டுவிட்டு பொலிஸார் உங்களை மட்டும் மறித்து, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்ததும் அவர்கள் குரல் மாறியது என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே நெஞ்சு கொதித்தது. என் மகனையும் இப்படித்தான் மறித்தார்கள். திருநீறு காயாத நெற்றியோடு வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றான்.

சரி, இன்றைக்கே எழுதி வையுங்கள்: நேரம், இடம், சட்டையில் இருந்த இலக்கம். விளங்காத சிங்களத் தாளில் கையெழுத்து வைக்காதீர்கள்.

இனம், மொழி பார்த்துப் பாகுபாடு காட்டுவதை இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை தடுக்கிறது. அது மீறப்பட்டதென்று உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. திருகோணமலையிலேயே அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்.